திராட்சைக்குப் பூணூல், பனைக்குத் தீட்டு

தமிழ்நாட்டில் எந்த ஊரில் இறங்கி 'ஒயின் ஷாப் எங்கே' என்று கேட்டாலும் வழி சொல்வார்கள். அந்தக் கடைக்குப் போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், விற்பவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார். பிராந்தி, ரம், விஸ்கி, பீர் எல்லாம் இருக்கும். ஒயின் இருந்தால் மூலையில் தூசி படிந்த நாலு பாட்டில். சரி, பிராந்தியாவது திராட்சையில் செய்ததா என்றால் அதுவும் இல்லை. திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தால் வருவதுதான் பிராந்தி. டாஸ்மாக் பிராந்திக்கான சாராயமோ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வருகிறது. ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை, பிராந்தியில் திராட்சை இல்லை.

இதை வெறும் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சுற்றுகிற ஊர்கள் திராட்சை விளைகிற ஊர்கள். திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு வரை, சிறுமலை அடிவாரத்தை ஒட்டி வெள்ளோடு, அம்பாத்துரை, சின்னாளப்பட்டி, ஜாதிக்கவுண்டன்பட்டி என்று கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்களைப் பார்க்கலாம். மேற்கே தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு இதைவிடப் பெரிய திராட்சைச் சீமை. நாம் பன்னீர் திராட்சை என்று சொல்லும் பழத்தின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதை இங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சீனாவின் தியான்ஜினில் இதே ரகத்தில் ஒயின் செய்து விற்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு கோரிக்கை எழுகிறது: 'இங்கே ஒயின் ஆலை வேண்டும்.' விவசாயியின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பன்னீர் திராட்சை தாங்காத பழம். விலை சரிந்தால் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று கொடியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஆலை வந்தால் விலை நிற்கும், நாசிக் போலத் திண்டுக்கல்லும் தேனியும் ஒயின் சீமை ஆகும், சுற்றுலா வரும் என்கிறார்கள். முற்போக்கு நண்பர்கள் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். 'ஒயின் ஒரு கல்ச்சர் தோழர், அதைச் சாராயத்தோடு சேர்க்காதீங்க' என்று எனக்கே வகுப்பு எடுத்திருக்கிறார்கள்.

என் சண்டை அந்த வாக்கியத்தோடுதான். ஒரு பானம் பண்பாடா, பாவமா, குற்றமா என்று இந்த நாட்டில் தீர்மானிப்பது அதிலிருக்கும் ஆல்கஹால் அல்ல. அதை யார் செய்கிறார், யார் நிலத்தில் செய்கிறார், யார் குடிக்கிறார் என்பவைதான் தீர்மானிக்கின்றன. அதாவது, போதைக்குப் பெயர் வைப்பது சாதி.

முதுகில் வழியும் போர்டோ

பிரான்சின் போர்டோ உலகத்தின் பேர்பெற்ற ஒயின் சீமை. சென்னை நட்சத்திர விடுதியில் அந்தப் பெயர் ஒரு பாட்டிலின் மேல் ஒட்டப்பட்டு வரும். கொடைரோட்டுப் பந்தலுக்கு அதே பெயர் வேறு உருவில் வருகிறது. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்து அடிக்கும் மருந்துக்குப் 'போர்டோ கலவை' என்று பெயர். 1880களில் போர்டோ திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த அடிச்சாம்பல் நோய்க்கு மில்லார்டே என்ற பிரெஞ்சு அறிவியலாளர் கண்டறிந்த மருந்து அது. ஒயின் அங்கேயே தங்கிவிட்டது, மருந்து இங்கே வந்து சேர்ந்தது.

பந்தலுக்குக் கீழே நின்று மேலே பார்த்து அடிக்க வேண்டும். அடித்தது இலையில் பாதி, அடிப்பவர் மேல் பாதி. முகத்தில், கழுத்தில், முதுகில் நீலமாக வழியும். துண்டை மூக்கில் கட்டிக்கொள்வதுதான் பாதுகாப்பு. இப்போது போர்டோ கலவையோடு வேறு பூச்சிக்கொல்லிகளும் பூஞ்சைக்கொல்லிகளும் முறை வைத்து அடிக்கப்படுகின்றன. போர்டோ கலவையை ஆண்டுக்கணக்கில் அடித்தவர்களின் நுரையீரல் கெட்டுப்போவதை 1969இல் போர்ச்சுகல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 'திராட்சை மருந்தடிப்பவர் நுரையீரல்' என்று மருத்துவ நூல்களில் அதற்குத் தனிப்பெயரே உண்டு. நான் பேசிய மருந்தடிக்கும் தொழிலாளர்களில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது இருமல். அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பீடி.

கவாத்து செய்வதும், கொத்தில் நெருக்கும் காய்களைக் கிள்ளிக் கழிப்பதும், பறித்துப் பெட்டியில் அடுக்குவதும் பெரும்பாலும் பெண்கள். நாள் முழுக்கக் கையும் கழுத்தும் மேலே தூக்கியபடியே இருக்க வேண்டும். சிறுமலை அடிவாரத்துக் காலனி ஒன்றில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அக்கா சொன்னார்: "ராத்திரி படுத்தா கழுத்தத் திருப்ப முடியாது தம்பி. இத்தன வருசமா பறிக்கிறேன், நல்ல கொத்து ஒண்ணு கையில குடுக்க மாட்டாக. ஒதுக்குப் பழந்தான்." அவருக்கும் மருந்தடிக்கும் அவர் கணவருக்கும் அந்தப் பந்தலில் ஒரு செண்டு நிலம் கிடையாது. அவர்களது காலனியில் எவருக்கும் கிடையாது. ஒரே தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த கூலி. தண்ணீர் கேட்டால் தனிச் செம்பு வைத்திருக்கும் தோட்டங்களும் இன்னும் இருக்கின்றன.

பொழுது சாய்ந்ததும் அந்தக் கணவர் உடம்பு வலிக்கும் மருந்து நாற்றத்துக்கும் ஒரு குவார்ட்டர் வாங்குகிறார். 180 மில்லி சாதாரண ரகம், 2024 பிப்ரவரி விலை உயர்வுக்குப் பிறகு 140 ரூபாய். திராட்சைத் தோட்டத்தில் வாங்கிய கூலி, திராட்சையே இல்லாத பிராந்திக்குப் போகிறது. திண்டுக்கல்லின் ஒயின் பொருளாதாரம் ஏற்கெனவே இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது, ஆலை மட்டும்தான் பாக்கி.

'ஒயின் மது அல்ல'

இப்போது நமக்கு முன்மாதிரியாகக் காட்டப்படும் நாசிக்குக்கு வருவோம்.

இந்திய ஒயினின் கதை பெரிய கதை அல்ல. 1980களில் மகாராஷ்டிரத்தின் நாராயண்கானில் இண்டேஜ், 1988இல் பெங்களூருக்கு அருகே நந்தி மலையடியில் குரோவர், 1990களின் இறுதியில் நாசிக்கில் சூலா. சூலாவைத் தொடங்கியவர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்து, சிலிக்கான் பள்ளத்தாக்கில் வேலை பார்த்துவிட்டுக் குடும்ப நிலத்துக்குத் திரும்பியவர். அது குற்றமல்ல. ஆனால் ஒயின் தொழிலுக்கு நுழைவுச்சீட்டு எது என்பதை அது காட்டுகிறது: நிலம், முதல், வெளிநாட்டுப் படிப்பு. 2022 டிசம்பரில் சூலா பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது.

இதெல்லாம் தனிமனித உழைப்பால் மட்டும் நடக்கவில்லை. மகாராஷ்டிர அரசு 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை போட்டது. மாநிலத் திராட்சையில் செய்த ஒயினுக்குக் கலால் வரி விலக்கு. விஞ்சூரிலும் பலூஸிலும் ஒயின் பூங்கா. பின்னர் ஒயின் மீதான 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியில் 16 விழுக்காட்டை ஆலைக்கே திருப்பித் தரும் ஊக்கத்தொகை. அதே மாநிலத்தில் கூலிக்காரர் குடிக்கும் நாட்டுச் சரக்குக்கு வரி உண்டு, சலுகை இல்லை. ஆதிவாசி தன் வீட்டில் இலுப்பைப் பூவில் காய்ச்சினால் போலீஸ் வரும்.

2022 ஜனவரியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு கிளம்பியபோது ஆளும் கூட்டணியின் சஞ்சய் ராவத் ஊடகங்களிடம் ஒரு விளக்கம் கொடுத்தார்: ஒயின் மது அல்ல, அது விற்றால் விவசாயிக்கு நன்மை. எதிர்ப்பால் அந்த முடிவு நடைமுறைக்கு வரவில்லை, ஆனால் விளக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. 12, 13 விழுக்காடு ஆல்கஹால் உள்ள பானம் மது இல்லையாம்! உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தபோது அதில் ஒயினுக்கு விதிவிலக்கு எதுவும் தரவில்லை.

நாசிக் என்றால் நமக்கு ஒயின் மட்டும்தானா நினைவுக்கு வர வேண்டும்? 1930 மார்ச் 2 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் காலாராம் கோயில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது நாசிக்கில். ஐந்து ஆண்டுகள் போராடியும் கதவு திறக்கவில்லை. 1935 அக்டோபரில் 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று அவர் அறிவித்த யேவலாவும் நாசிக் மாவட்டம்தான். காலாராம் போராட்டத்தைக் களத்தில் நடத்திய தாதாசாகேப் கெய்க்வாட் பிறந்தது திண்டோரி வட்டத்தில். இன்று ஒயின் திராட்சைக்குப் பெயர்போன அதே திண்டோரி. அவர்தான் பின்னாளில் 1959இலும் 1964இலும் நிலமற்றோர் போராட்டத்தை நடத்தி, 'உழைக்கிறவனுக்கு நிலம் எங்கே' என்று கேட்டவர். 2018 மார்ச்சில் வன உரிமைப் பட்டாவும் கடன் தள்ளுபடியும் கேட்டு ஆதிவாசி விவசாயிகள் கால் கொப்புளிக்க மும்பைக்கு நடந்த நெடும்பயணம் புறப்பட்டதும் நாசிக்கிலிருந்துதான்.

திராட்சைக்கு இருபதாண்டு வரிவிலக்கு கொடுத்த அரசிடம், அதே மாவட்டத்து ஆதிவாசி தன் நிலத்துக்கு ஒரு துண்டுப் பட்டா கேட்டு நடக்க வேண்டியிருந்தது. ஒயின் சுற்றுலாவில் இந்த இடங்கள் எதையும் காட்ட மாட்டார்கள். திண்டுக்கல்லை நாசிக் ஆக்குவோம் என்கிறவர்கள் எந்த நாசிக்கைச் சொல்கிறார்கள்?

மரமேறியவனுக்குக் கோயில் இல்லை

ஒயின் செய்பவருக்கு வரிச்சலுகை தரும் இதே நாட்டில் கள் செய்தவருக்கு என்ன கிடைத்தது?

1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் மன்னர் தரப்பு வழக்குத் தொடுத்தது. வழக்கு மதுரை, சென்னை வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அந்தத் தீர்ப்பு காட்டிய காரணங்களில் ஒன்றைப் பாருங்கள்: போதைப் பானம் செய்வதையும் பனை, தென்னை ஏறுவதையும் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஆகமப்படி கோயில் நுழைவு இல்லை. அந்தச் சமூகத்தில் பெரும்பகுதியினர் அப்போதே வணிகத்துக்கும் வேளாண்மைக்கும் மாறியிருந்தார்கள். அது கணக்கில் வரவில்லை. முப்பாட்டன் மரமேறினான், ஆகவே பேரனுக்கும் தீட்டு.

பிரிவி கவுன்சில் நீதிபதிகளின் நாட்டில் ஒயினுக்கும் விஸ்கிக்கும் குறைவில்லை. அவர்களது சொந்த மதத்தில் ஒயின்தான் திருப்பலிப் பொருள். நம் ஊர் மதுவிலக்குச் சட்டத்திலும் தேவாலயத் திருப்பலி ஒயினுக்கு இடம் உண்டு. அந்த ஒயினை ஏந்தும் தேவாலயங்களுக்குள்ளேயே தலித் கிறித்தவருக்குத் தனிக் கல்லறை, தனித் தெரு என்பதும் நாம் அறிந்ததே. புளித்த திராட்சைச் சாறு புனிதமாகவும் புளித்த பனஞ்சாறு தீட்டாகவும் ஆனது வேதியியலால் அல்ல.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். பிறகு 1971இல் தளர்வு, 1974இல் மறுபடி தடை, 1981இல் மறுபடி திறப்பு. 1987 முதல் கள்ளுக்கு நிரந்தரத் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. இந்த வரலாற்றின் விளைவு எளிமையானது. ஏறத்தாழ 5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கள் குற்றம். 42.8 விழுக்காடு உள்ள பிராந்தி அரசுச் சரக்கு. பனை நம் மாநில மரம். அதன் சாறு சுண்ணாம்பு தடவிய கலயத்தில் விழுந்தால் பதநீர், பண்பாடு. தடவாத கலயத்தில் விழுந்து புளித்தால் வழக்கு.

கம்பத்திலிருந்து குமுளி மலையேறினால் சட்டம் மாறிவிடுகிறது. கேரளத்தில் கள்ளுக்கடை உண்டு. கள் தொழிலாளர்களுக்கு 1969 சட்டப்படி நலநிதியும் உண்டு. கோவாவின் முந்திரிப் பெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்று, பின்னர் பாரம்பரியப் பானமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆக, ஒரே நாட்டில் மரச்சாறு ஓரிடத்தில் பாரம்பரியம், இன்னோரிடத்தில் கைவிலங்கு.

பத்து லட்சமும் பத்தாயிரம் வசவும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தலித் கூலித் தொழிலாளர்கள். பாக்கெட் சாராயம் டாஸ்மாக் குவார்ட்டரைவிட வெகு மலிவாகக் கிடைத்தது. அதுதான் காரணம். அரசு பத்து லட்சம் இழப்பீடு அறிவித்தது. உடனே சமூக ஊடகமெங்கும் ஒரே கூச்சல்: 'குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா? என் வரிப்பணம்!'

அந்த வரிப்பணத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். டாஸ்மாக் வருவாய் 2023-24இல் ரூ.45,855 கோடி, 2024-25இல் ரூ.48,344 கோடி. இதைக் கட்டியவர்கள் யார்? கம்பி வலைக்குள் கை நீட்டி, கசங்கிய நோட்டைக் கொடுத்து, சாக்கடை ஓரம் நின்று ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறவர்களின் பங்கு அதில் கொஞ்சமல்ல. இந்த மாநிலத்தின் திட்டங்களுக்குப் பணம் தரும் அந்த மனிதரைத்தான் 'குடிகாரன்' என்று திட்டுகிறோம். அவர் குடிக்க நாற்காலிகூட இல்லை. மாலில் எலைட் டாஸ்மாக்கில் குளிர்பதன அறையில் கூடை எடுத்துக்கொண்டு ஒயின் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிப்பவரோ 'ரசிகர்'. மனமகிழ் மன்றத்தில் குடிப்பவர் 'உறுப்பினர்'. தேநீர்க்கடையில் இரட்டைக் குவளையை எதிர்க்கிற நாம், இந்த அரசு நடத்தும் இரட்டைக் குவளையைக் கண்டுகொள்வதில்லை.

நம் தலைவர்கள் சொன்னது

'அப்படியென்றால் குடியை ஆதரிக்கிறாயா?' என்று கேட்பீர்கள். இல்லை.

அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தத்தின் பஞ்சசீலத்தை முன்வைத்தபோது மது விலக்கல் அதில் ஒன்று. 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் தந்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் உண்டு. 2024 அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மகளிர் மாநாட்டுக்குத் திரண்ட பெண்கள் யாரும் தத்துவம் பேச வரவில்லை. அடி வாங்கிய உடம்போடும், அடகு வைத்த குண்டுமணித் தங்கத்தை நினைத்துக்கொண்டும் வந்தார்கள். அவர்களிடம் போய் 'கள் நம் மரபு' என்று பாட்டுப் பாடுகிறவர்கள்மீது எனக்கு மரியாதை இல்லை. பண்ணையில் கூலியோடு கள் வாங்கிக் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்ட வரலாறும் மரபுதான்.

ஒயின் சீமைகளிலேயே இதற்கு மிகக் கொடூரமான சாட்சி உண்டு. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதித் திராட்சைத் தோட்டங்களில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கும் கலப்பினத் தொழிலாளர்களுக்கும் கூலியின் ஒரு பகுதியை மட்டமான ஒயினாகவே கொடுத்தார்கள். 'டொப்' முறை என்று அதற்குப் பெயர். 1960களில் சட்டம் தடுத்தும் 1990கள் வரை ஆங்காங்கே நடந்தது. தாயின் குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் அந்தத் தோட்டப் பகுதிகளும் அடங்கும். நல்ல ஒயின் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது, கழிவு தொழிலாளியின் குவளைக்குப் போனது. சிறுமலை அடிவாரத்து அக்கா சொன்ன 'ஒதுக்குப் பழம்' எனக்கு இதைத்தான் நினைவுபடுத்தியது.

அதே சமயம், மதுவிலக்கு எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதும் இல்லை. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்கு நெறி விவாதத்துக்கு வந்தபோது எழுந்து எதிர்த்தவர்களில் ஒருவர் ஆதிவாசித் தலைவர் ஜெய்பால் சிங். அரிசிக் கள் தம் மக்களின் வழிபாட்டோடு கலந்தது, அதில் கைவைப்பது சமய உரிமையில் கைவைப்பது என்று வாதிட்டார். காங்கிரசில் இருந்தபோது மதுவிலக்குக்காகத் தன் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் அதே மதுவிலக்கைக் கடுமையாக விமர்சித்தார். யார் குடியைத் தடுக்கிறோம், யார் குடியைக் கண்டும் காணாமல் விடுகிறோம் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அம்பேத்கரின் உறுதிமொழி நம் மக்கள் தமக்குத் தாமே எடுத்துக்கொள்வது, அது சுயமரியாதை. ஆகமம் சொன்ன தடை அடுத்தவர் நம் மேல் சுமத்தியது, அது தீட்டு. இரண்டையும் ஒன்றாக்கி, 'உங்கள் தலைவரே குடிக்காதே என்றாரே' என்று ஒயின் கோப்பையோடு நமக்குப் போதிக்க வருபவரை அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

ஆலை வரட்டும், கணக்கோடு வரட்டும்

திண்டுக்கல்லிலோ கம்பத்திலோ ஒயின் ஆலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாறு, உலர்திராட்சை, ஒயின் என எது செய்தாலும் விளைந்த பழம் அழுகாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் அரசு மானியமும் நிலமும் வரிச்சலுகையும் கொடுத்து வரப்போகும் ஆலை என்றால், அதில் பந்தலுக்குக் கீழே நிற்பவருக்கும் கணக்கு உண்டு.

முதலாவது, ஆலை தனியார் கையிலோ பெரிய பண்ணைக்காரர் சங்கத்தின் கையிலோ போகக் கூடாது. கைத்தறி நெசவாளர் கூட்டுறவுகளைப் பார்த்த ஊர் சின்னாளப்பட்டி. திராட்சைக் கூட்டுறவும் அங்கே முடியும். ஆனால் நிலம் வைத்திருப்பவர் மட்டுமே உறுப்பினர் என்றால் அது சாதிச் சங்கத்தின் மறுபெயர். கவாத்து செய்பவரும் மருந்தடிப்பவரும் பறிப்பவரும் பங்கு பெற்ற உறுப்பினராக வேண்டும்.

இரண்டாவது, பெண்ணுக்குச் சமகூலி. மருந்தடிப்பவருக்கு முகக்கவசமும் உடையும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும். இவை இல்லாத தோட்டத்துப் பழத்தை ஆலை வாங்கக் கூடாது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் திராட்சையில் மருந்து எச்சம் எவ்வளவு என்று கணக்காக அளக்கத் தெரிந்த நாட்டுக்கு, அதை அடித்தவரின் ரத்தத்தில் எவ்வளவு என்று அளக்க முடியாதா?

மூன்றாவது, நிலம். 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களை மீட்கச் சொல்லி நம் மக்கள் குண்டடி பட்டுச் செத்திருக்கிறார்கள். 1994 அக்டோபர் 10, காரணை. ஒயின் ஆலைக்கும் சுற்றுலா விடுதிக்கும் அரசு நிலம் ஒதுக்கும் முன்பு, இந்த மாவட்டத்தில் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலை வெளியிடட்டும்.

நான்காவது, எல்லாப் போதைக்கும் ஒரே அளவுகோல். திராட்சைக்கு உரிமம் என்றால் பனைக்கும் கேரளத்தைப் போலத் தொழிலாளர் நலநிதியோடு உரிமம் கொடுங்கள். கள் உடம்புக்குக் கேடு என்றால் ஒயினும் கேடு, டாஸ்மாக் அதைவிடப் பெரிய கேடு, மூன்றையும் மூடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒழுங்காக விவாதிக்கலாம். பனையேறியைச் சிறையில் வைத்துக்கொண்டு ஒயின் ஆலைக்கு ரிப்பன் வெட்டுவது மட்டும் கூடாது.

ஐந்தாவது, ஒவ்வோர் ஆண்டும் நாற்பதாயிரம் கோடிக்கு மேல் வருகிற பணத்தில் ஒரு பங்கு எந்தச் சேரியிலிருந்து வந்ததோ அந்தச் சேரிக்கே திரும்பட்டும்: குடிநோய் சிகிச்சையாக, கல்லீரல் கெட்டுக் கணவனை இழந்த பெண்களுக்கு ஓய்வூதியமாக.

நண்பர்களே, உங்கள் கையில் இருக்கும் ஒயின் கோப்பையைக் கீழே போடச் சொல்லவில்லை. குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தக் கோப்பையைக் காட்டி 'இது கல்ச்சர்' என்று சொல்லாதீர்கள். சொன்னால், கம்பி வலைக்கு வெளியே கை நீட்டி நிற்பவரை நீங்கள் பண்பாடு இல்லாதவர் என்று சொல்கிறீர்கள். அவர்தான் அந்தத் திராட்சைக்கு மருந்தடித்தவர்.